ஆய் நாட்டில் ஒரு வாடகைக் கார்

முதல் நாள், வெள்ளி இரவு, மார்த்தாண்டம்

கார் கைக்கு வந்துவிட்டது. வந்த விதம்தான் சரியில்லை. காலை பத்து மணிக்கு நாகர்கோவிலில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றவர்கள் மதியம் இரண்டரைக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதுவும் நான் பதிவு செய்த வண்டி இல்லை, அதைவிடச் சின்னது. பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டில் படுத்துக் கிடந்தது. கேட்டதற்கு, "மேடம், நீங்களும் இதே அளவுல திருப்பித் தந்தா போதும்" என்றார் வண்டி கொண்டுவந்த பையன், ஏதோ எனக்கு உதவி செய்கிற மாதிரி.

ஒரே ஆறுதல், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. நாமே ஓட்டுகிற வாடகை வண்டிக்கு அதுதான் முறையான நம்பர் பலகை. வெள்ளைப் பலகை வண்டியைச் சல்லிசாகத் தருகிறேன் என்று ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்தான், ஆனால் சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியில் போய் எங்காவது இடித்துக்கொண்டால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. வண்டியைச் சுற்றி வந்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன். இடது பின்கதவில் ஒரு நீளக் கீறல், முன் பம்பரில் ஒரு நசுங்கல், வீல் கப் ஒன்று உடைந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பையன் பொறுமையாகத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஒன்றரை மணி நேரம் ஆனது. இந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சித்தி வீட்டில் சாயா, ரசவடை, அப்புறம் மட்டிப்பழம். அம்மாவும் சித்தியும் பேச உட்கார்ந்தாயிற்று, இனி நடுராத்திரி வரை நிறுத்த முடியாது.

நாளைக்கு என்ன திட்டம் என்றால், ஆய் நாட்டைச் சுற்றுவது. கடையெழு வள்ளல்களில் ஆய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், பொதிகை மலைக்காரன். அந்த வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட அரசர்கள் பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை இந்தப் பக்கத்தை ஆண்டிருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போனதில் பாதி இன்று தமிழ்நாட்டில், பாதி கேரளத்தில். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் இங்கே வந்தபோது விழுந்த கோடு அது. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்பதுதான் எனக்கும் சித்தி பையனுக்கும் பந்தயம். அவன் களியக்காவிளையில் வேலை பார்க்கிறான், மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. பந்தயம் ஒரு பிளேட் பழம்பொரி.

இரண்டாம் நாள், சனி

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். நான், அம்மா, தம்பி (அதே சித்தி பையன்தான்). அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, வலது முழங்காலில் தேய்மானம். "நீ கீழ கார்லயே இரும்மா" என்று முந்தின இரவே சொல்லி வைத்திருந்தேன். ஒன்றும் பதில் சொல்லாமல் இருந்தாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முதலில் சிதறால், மலைமேல் இருக்கிற பழைய சமணக் கோவில். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான், ஆனால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போகிறது, எதிரில் பால் கேன் கட்டிய டிவிஎஸ் ஒன்று வந்தாலே இரண்டு பேரில் ஒருவர் ஒதுங்க வேண்டும். மலையடிவாரத்தில் தொல்லியல் துறையின் நீலப் பலகை. அங்கிருந்து கல் பாவிய பாதை. கார் கதவைத் திறந்தேன், அம்மா எனக்கு முன்னால் இறங்கி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இவ்வளவு தூரம் வந்துட்டு கார்ல உக்காந்து ரப்பர் மரத்தையா பாப்பாவ?"

சரி என்று விட்டுவிட்டேன். சாதாரணமாக இருபது நிமிடம் ஏறுகிற பாதை, எங்களுக்கு ஐம்பது நிமிடம். நடுநடுவே உட்காரக் கல் இருக்கிறது. மேலே கடை எதுவும் கிடையாது, தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு மணி வெயில்கூட பாறையில் சுள்ளென்று அடித்தது.

மேலே போனதும் முதலில் கோவில் என்று ஒன்றுமே தெரியாது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு இடுக்கு, அதற்குள் நுழைந்து இறங்கினால்தான் காட்சி விரிகிறது. பெரிய பாறை ஒன்று நெற்றியை நீட்டிக்கொண்டு தொங்குகிறது, அதன் அடியில் இயற்கையாக அமைந்த குகை, அதை ஒட்டிப் பின்னால் கட்டிய தூண் மண்டபம். பக்கத்துப் பாறைச் சுவரில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சமணர்கள் வணங்கும் ஞானிகள். சின்னச் சின்னச் சதுரங்களுக்குள், முக்குடைக்குக் கீழே, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் எழுந்து நிற்கிறார், தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருக்கிறது, பார்சுவநாதர். இன்னொரு பக்கம் அம்பிகா என்ற சமணப் பெண் தெய்வம், பக்கத்தில் சிங்கமும் குழந்தைகளும். புத்தகத்தில் படம் பார்த்தால் பெரிய சிற்பங்கள் மாதிரி தெரியும். நேரில் பார்த்தால் பலதும் ஒரு முழ உயரம்கூட இல்லை. ஆனால் காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு மூக்கும் நிழல் போடுகிறது, அதற்காகவே ஏழு மணிக்குப் போகலாம்.

இந்த மலைக்குப் பழைய பெயர் திருச்சாரணம். சாரணர்கள் என்றால் சமணத் துறவிகள். இன்று ஊர்க்காரர்கள் வாயில் அது திருச்சாணத்து மலை. இங்கே உள்ள ஒரு கல்வெட்டு, ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனுடைய இருபத்தெட்டாம் ஆட்சி ஆண்டில், பேராயிற்குடி அரட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் இந்த மலையின் படாரியார்க்கு, அதாவது அம்மனுக்கு, பொன் நகை கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றதும் நம் ஆட்கள் உடனே மலைக்குறத்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள், கீழே ஒரு வழிகாட்டி ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அது வேறு. குரவர் என்றால் ஆசான், அதற்குப் பெண்பால் குரத்தி. பெண் துறவி, பாடம் சொல்லிக்கொடுப்பவர். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பாறையில் ஒரு டீச்சர் தன் பெயரையும் தன் வாத்தியார் பெயரையும் சேர்த்துப் பொறிக்க வைத்திருக்கிறார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா முப்பத்திரண்டு வருடம் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். கொஞ்ச நேரம் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டெழுத்து, ஒன்றும் படிக்க முடியாது.

"சாமியாருக்கு ஏதுட்டி நகை?"

நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த எந்தக் கட்டுரையிலும் யாரும் இதைக் கேட்டதில்லை. துறவு போகும்போது கழற்றி வைத்ததாக இருக்கலாம், யாரோ காணிக்கை கொடுத்ததை அவர் அப்படியே அம்மனுக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். தம்பி, "பெரியம்மா, அந்த நகை இப்ப எங்க இருக்கும்னு கேளுங்க" என்றான்.

பின்னாளில் இது பகவதி கோவிலாக மாறியிருக்கிறது. உள்ளே மூன்று கருவறை. மகாவீரர், பார்சுவநாதர் பக்கத்திலேயே தேவிக்கும் ஒன்று. மாறியதே தவிர யாரும் யாரையும் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனித்தேன். குகைக்கு மேலே செங்கல் விமானம் ஒன்று பாதி சிதைந்து நிற்கிறது. பக்கத்தில் சின்னக் குளம். மேல் பாறையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தென்னையும் ரப்பரும் மூடிய பச்சை, மறுபக்கம் மேற்கு மலை. அம்மா குளத்தங்கரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு பிளாஸ்கிலிருந்து சாயா ஊற்றிக் குடித்தாள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை, பந்தயத்தில் எனக்கு அங்கேயே தோல்வி ஆரம்பித்துவிட்டது.

இறங்கும்போதுதான் முழங்கால் வலித்தது. தம்பி முன்னால் நடக்க, அவன் தோளில் ஒரு கை, என் தோளில் ஒரு கை.

அடுத்து புதுக்கடைப் பக்கம் பார்த்திவபுரம். நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று கொஞ்சம் அழுத்தினேன். இது இடிபாடு இல்லை, பூஜை நடக்கிற பெருமாள் கோவில், கூட்டமே இல்லாத, ஓடு வேய்ந்த சுற்று மண்டபத்தோடு கேரளச் சாயலில் இருக்கிற கோவில். தம்பி சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். எங்களைத் தவிர ஒரு தாத்தாவும் இரண்டு கோழியும்தான்.

ஆனால் இந்தக் கோவிலின் செப்பேட்டில் இருக்கிற விஷயம் லேசானது இல்லை. கோக்கருநந்தடக்கன் என்ற ஆய் அரசன், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றிக்கொண்டு இந்தக் கோவிலைக் கட்டி, கூடவே தொண்ணூற்றைந்து சட்டர்கள் படிக்க ஒரு சாலை அமைக்கிறான். சட்டர் என்றால் மாணவர். சாலை என்றால் இங்கே ரோடு இல்லை, கல்விக்கூடம். காந்தளூர்ச் சாலையின் முறைப்படி நடத்த வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறான். ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்று வருமே, அதே காந்தளூர். அங்கே கலம் என்றால் கப்பலா சோற்றுக் கலமா என்று பெரியவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. இந்தச் சாலையில் சேருவதற்கே இலக்கணமும், வேதத்துக்குப் பொருள் சொல்கிற மீமாம்சையும் தெரிந்திருக்க வேண்டும். நுழைவுத் தேர்வு அன்றைக்கும் உண்டு.

இன்னொன்று, செப்பேட்டில் நாள் குறித்திருக்கும் விதம். கலியுகம் தொடங்கி பதினான்கு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து எண்பத்தேழாவது நாள் என்று இருக்கிறது. வருடம் இல்லை, நாள்! தம்பி நம்பாமல் பிரகாரத்தில் உட்கார்ந்து போனில் 1449087ஐ 365.25ஆல் வகுத்தான். 3967 சொச்சம் வந்தது. அதில் 3101ஐக் கழித்தால் 866. கி.பி. 866. "எக்கா, சரியா வருது" என்று அவன் சொன்ன குரலில் எனக்கு அவ்வளவு திருப்தி. கணக்கில் அரியர் வைத்துப் பாஸ் செய்தவன் அவன்.

அப்புறம் கடல். தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் இடம். இதுவும் தாமிரபரணிதான், ஆனால் எங்கள் ஊர் தாமிரபரணி இல்லை, மேற்கே ஓடுகிற குழித்துறையாறு. திருநெல்வேலிக்காரிக்கு இதை ஒத்துக்கொள்ள மனசு வராது, அம்மா அதைக் கடைசி வரை "குழித்துறை ஆறு" என்றேதான் சொன்னாள். துறைமுகக் கல் அணைக்கு அப்பால் அலை எகிறி அடித்தது. குளிக்கலாமா என்று வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் கேட்டேன். "குளிக்கலாம், திரும்பி வாறதுதான் கஷ்டம்" என்றார். குளிக்கவில்லை.

ஆற்றைத் தாண்டி தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கடலோர ஊர்கள் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்ட மாதிரி வருகின்றன. ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று மாதா கோவிலை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆழ்கடலில் சுறா பிடிப்பதற்குப் பெயர் போனவர்கள் இவர்கள், வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது அதனால்தான் இந்த ஊர்களுக்கு அவ்வளவு அடி, எச்சரிக்கை வந்த நேரத்தில் படகுகள் எங்கோ நடுக்கடலில். ஒரு வீட்டு முகப்பில் மாலை போட்ட இரண்டு படங்கள் இருந்தன, ஒரே முகச்சாயல், அண்ணன் தம்பியாக இருக்க வேண்டும். வண்டியை மெதுவாக்கினேன், நிறுத்தவில்லை. நிறுத்திப் பார்க்கிற இடம் இல்லை அது.

ரோட்டைச் சில இடங்களில் கடல் தின்றிருக்கிறது. கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கம் கல், மறுபக்கம் வீட்டு வாசல், நடுவில் எங்கள் சின்னக் கார். பெரிய வண்டி கிடைக்காதது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். (வாடகைக்காரர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.)

நீரோடி தாண்டிப் பொழியூர் வந்தால் கேரளம். வளைவோ கேட்டோ எதுவும் இல்லை, கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது, அவ்வளவுதான். பேச்சு மாறவில்லை. சாப்பிட நிறுத்திய கடையில் மரச்சீனியும் சாளைக் கறியும். நம் பக்கம் மரச்சீனி என்றால் இந்தப் பக்கமும் மரச்சீனிதான், கோடு போட்டவர்கள் கிழங்கைக் கேட்கவில்லை. கறியில் குடம்புளி தூக்கல், அம்மா இரண்டு தடவை வாங்கினாள். பூவாறு படகுச் சவாரியை விட்டுவிட்டோம், நெய்யாறு கடலைத் தொடுகிற அந்தப் பொழி அழகுதான், ஆனால் படகுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் கார் கண்ணாடியைத் தட்டித் தட்டியே என்னை விரட்டிவிட்டார்கள்.

மூன்று மணிக்கு விழிஞம்.

ஆய்களின் தலைநகரம், துறைமுகம், கோட்டை எல்லாம் இதுதான். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் வந்து அடித்ததைப் பாண்டியச் செப்பேடு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது, பின்னால் சோழர்களும் வந்தார்கள். இப்படி ஆளாளுக்கு வந்து அடித்த ஊரில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஜங்ஷன் பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டம், நாலு செடி, கம்பி வேலி, நடுவில் ஒரு பாறை. அந்தப் பாறையில் குடைந்த ஓர் அறை. அறை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு ஆள் உட்காரலாம். உள்ளே வீணாதர தட்சிணாமூர்த்தி, வீணை ஏந்திய சிவன். வெளியே இரண்டு பக்கமும் சிவன், ஒன்றில் வில்லோடு, ஒன்றில் ஆடிக்கொண்டு. இரண்டும் முடியவில்லை. உருவத்தின் வெளிக்கோடு வந்துவிட்டது, கால் வளைவு வந்துவிட்டது, முகம் இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எனக்கு இது சிதறாலைவிடப் பிடித்தது என்று சொன்னால் தம்பி சிரிக்கிறான். பல்லவர் குகைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுக் கோவளம் போய்விடுவார்கள், போகட்டும். முடிந்த சிற்பத்தில் சிற்பி தெரியமாட்டான். இங்கே உளி எந்தப் பக்கத்திலிருந்து இறங்கியிருக்கிறது, எந்த இடத்தில் நின்றுபோனது என்று பார்க்க முடிகிறது. ஏன் விட்டுவிட்டுப் போனான்? சம்பளம் வராமல் போயிருக்கலாம், பாண்டியன் படை வந்திருக்கலாம். அம்மா சொன்ன காரணம், "கல்லு சரியில்லாம இருந்திருக்கும்."

காவலுக்கு இருந்த சேட்டன் எங்களைப் பார்த்து "போட்டோ எடுக்காம்" என்றார். நான் உடனே போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அவர் மறுபடி, இன்னும் அன்பாக, "எடுக்காம், எடுக்காம்" என்றார். அம்மா, "அதான் எடுக்கலையே, எத்தனை தடவ சொல்லுவாரு" என்று முணுமுணுத்தாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். மலையாளத்தில் எடுக்காம் என்றால் எடுக்கலாம். சரி என்று பத்து படம் எடுத்தேன்.

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இறங்கினால் ஒரு பக்கம் பள்ளிவாசல், ஒரு பக்கம் மாதா கோவில், அதற்கு அந்தப் பக்கம் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, 2025 மே 2இல் முறைப்படி திறந்தார்கள். சர்வதேசக் கப்பல் தடம் பக்கத்திலேயே போகிறது, கரையை ஒட்டியே இயற்கையான ஆழம், அதனால்தான் இந்த இடம். பாண்டியனும் சோழனும் இதற்குத்தான் அலைந்திருப்பார்கள் என்று தோன்றியது. கிரேன்கள் அவ்வளவு உயரம், குகைக்கு வெளியே நின்ற சிவன் என் தோள் அளவுகூட இல்லை.

கோவளத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கூட்டம், சோளம், குடை வாடகை. சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கத்துக்கு வரிசை நீளம், ஏறவில்லை. மணலில் கறுப்பு வரி ஓடுகிறது, இல்மனைட் என்ற தாது, நம் மணவாளக்குறிச்சியில் இருப்பதுதான். அம்மா கணுக்கால் நனைய நின்றாள், பெரிய அலை ஒன்று வந்து இடுப்பு வரை நனைத்தது, அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்காலுக்கு நல்லது என்றாள். எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டோம். பொழுது விழுகிற வரை இருந்தோம்.

திரும்பும் வழி பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை. ஹைவேயில் இரண்டேகால் மணி நேரம், அதில் முக்கால்வாசி ஒரு லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி. பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று இன்னும் முடிவாகவில்லை. நான்கு இடம் பார்த்தோம், திற்பரப்பையும் திருவட்டாரையும் விட்டுவிட்டோம் என்கிறான் அவன். பழம்பொரி நான்தான் வாங்கிக்கொடுத்தேன்.

மூன்றாம் நாள், ஞாயிறு, நாகர்கோவில்

சுருக்கமாக. அம்மாவுக்குக் கால் வீக்கம், சித்தி தைலம் போட்டுவிட்டிருக்கிறாள். "போனது தப்பா?" என்று கேட்டால் முறைக்கிறாள்.

வண்டியைத் திருப்பிக்கொடுக்கப் போனேன். எதிர்பார்த்த மாதிரியே பின்கதவுக் கீறல், பம்பர் நசுங்கல், வீல் கப் மூன்றையும் காட்டி முன்பணத்தில் பிடிப்போம் என்றார்கள். போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன். கயிறு கட்டிய வீல் கப் பெரிதாகத் திரையில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் விடவில்லை, டிக்கியையும் பின் சீட்டையும் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள பூரா மணலு மேடம், வாஷிங் சார்ஜ் ஐநூறு" என்றார் பொறுப்பில் இருந்தவர். இதற்கு என்னிடம் வீடியோ இல்லை. மணல் எங்களுடையதுதான். கறுப்பு மணல் வேறு, சீட்டின் தையலுக்குள்ளெல்லாம் இறங்கியிருந்தது.

அதுவரை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா, "தம்பி, பத்து மணிக்கு வாறேன்னு சொன்ன வண்டிய ரெண்டரைக்குக் கொண்டு வந்தியளே, அந்த நாலரை மணி நேரத்துக்கு என்ன சார்ஜு?" என்று கேட்டாள். வகுப்பில் பேசுகிற குரல். அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இருநூற்றைம்பதில் முடிந்தது. பெட்ரோல் முள் நாங்கள் வாங்கியதைவிட இரண்டு கோடு மேலே இருந்தது, அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நாலே காலுக்குத் திருநெல்வேலி பஸ், ஜன்னல் சீட்டு அம்மாவுக்கு.